கட்டி முடித்த காசு

இந்தச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்ட பொருள், போக்குவரத்தால் வெளியாகும் கரியமில வாயுவும் அதற்குப் பின்னால் இருக்கும் பொருளாதாரக் காரணங்களும். இப்படிப்பட்ட பேச்சைப் பாரிசிலோ கிளாஸ்கோவிலோ நடந்த காலநிலை மாநாட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் பொன்பாடியிலிருந்து தொடங்குகிறேன். திருத்தணியைத் தாண்டி நகரி போகிற சாலையில் ஆந்திர எல்லைச் சோதனைச் சாவடி இருக்கும் ஊர் அது. 1960 ஏப்ரல் 1 வரை அந்த எல்லை அங்கே கிடையாது; திருத்தணியே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், நடுவர் படாஸ்கர் தந்த பரிந்துரை, 1959இல் நாடாளுமன்றம் இயற்றிய எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் சேர்ந்து திருத்தணி மலையைத் தமிழ்நாட்டுப் பக்கம் கொண்டுவந்தன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் சரக்குக்கு அந்த எல்லை ஏறக்குறைய அழிந்துவிட்டது. வணிகவரிச் சாவடியில் பில்லும் கையுமாக லாரிக்காரர்கள் வரிசையில் நின்ற காலம் போயிற்று. ஆனால் பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கின்றன. அவற்றுக்கு மட்டும் எல்லை அப்படியே இருக்கிறது.

டீசலுக்கு ஆந்திரம் 22.25 சதவீத வாட் வரியும், அதற்குமேல் லிட்டருக்கு 4 ரூபாயும், சாலை மேல்வரியாக 1 ரூபாயும் வசூலித்துவந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 11 சதவீதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும். கூட்டிக் கழித்தால் டீசலில் சுமார் நான்கு ரூபாயும் பெட்ரோலில் ஏழு ரூபாய்க்கு மேலும் வித்தியாசம் விழுகிறது. 300 லிட்டர் பிடிக்கும் டேங்க் உள்ள லாரிக்கு இந்தப் பக்கம் நிரப்பிக்கொண்டு எல்லை தாண்டினால் ஏறக்குறைய 1,200 ரூபாய் மிச்சம். எந்த ஓட்டுநரும் இதைக் கணக்குப் போடாமல் இருக்கமாட்டார். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஆக, இந்தப் பக்கம் நிரப்பிய அந்த டேங்க், கடப்பை, கர்னூல் என்று ஆந்திரச் சாலைகளில் ஓடி 800 கிலோ வாயுவைக் கக்குகிறது. விற்பனை தமிழ்நாட்டுக் கணக்கில், புகை ஆந்திரக் காற்றில். விலை வித்தியாசத்தால் மாறியது லாரி டீசல் போடும் இடம். லாரி ஓடும் தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. எரிபொருளின் விலையை ஏற்றினால் புகை குறையும் என்ற பாடத்தைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பொன்பாடி சொல்கிற முதல் செய்தி இது.

இதை எல்லை ஊரின் விசித்திரம் என்று தள்ளிவிட முடியாது. நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2013-14இல் இந்தியாவில் செலவான பெட்ரோல் சுமார் 1 கோடியே 71 லட்சம் டன். 2023-24இல் அது 3 கோடியே 72 லட்சம் டன். பத்தே ஆண்டில் இரட்டிப்புக்கு மேல். இதே காலத்தில் டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 72 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 94 ரூபாய்ச் சொச்சத்துக்கு ஏறியிருக்கிறது; சென்னையில் நூறைத் தாண்டிவிட்டது. விலையும் ஏறியது, வாங்குவதும் ஏறியது. உடனே ஒருவர் எழுந்து கேட்கலாம்: ‘விலை உண்மையிலேயே ஏறியதா?’ நியாயமான கேள்வி. பெட்ரோல் முப்பது சதவீதம் ஏறிய அந்தப் பத்தாண்டில் பொது விலைவாசி அறுபது சதவீத அளவுக்கு ஏறியிருக்கிறது. அரிசியோடும் வாடகையோடும் சம்பளத்தோடும் ஒப்பிட்டால் பெட்ரோல் மலிந்துதான் இருக்கிறது. நூறு ரூபாய் என்ற எண் பத்திரிகைத் தலைப்பில் நம்மை அச்சுறுத்தியதே தவிர, பங்க்கில் வண்டியைத் திருப்பி அனுப்பவில்லை.

விலைக்கும் வருமானத்துக்கும் இதில் எவ்வளவு பங்கு என்று உலகமெங்கும் ஆராய்ந்திருக்கிறார்கள். குட்வின், டார்கே, ஹான்லி ஆகிய மூவரும் 2004இல் அத்தகைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னது இது: எரிபொருள் விலை பத்து சதவீதம் ஏறினால் ஓராண்டுக்குள் எரிபொருள் செலவு இரண்டரை சதவீதமும், நீண்ட காலத்தில் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேலும் குறைகிறது. சாலையில் வண்டிகளின் ஓட்டமோ ஓராண்டில் ஒரு சதவீதம்தான் குறைகிறது. அதே பத்து சதவீதம் வருமானம் ஏறினால், நீண்ட காலத்தில் வண்டிகளும் எரிபொருளும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகின்றன. வருமானத்தின் கை ஓங்கியிருக்கிறது. 2007இல் டார்கேயும் கேட்லியும் சோமரும் பல நாடுகளின் வண்டிக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, தலைக்கு ஆண்டு வருமானம் 3,000 டாலரிலிருந்து 10,000 டாலர் வரை ஏறுகிற கட்டத்தில் வண்டிகளின் எண்ணிக்கை வருமானத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் ஓடுவதைக் கண்டார்கள். தமிழ்நாடு இப்போது அந்த ஏற்றத்தின் நடுவில் நிற்கிறது. 1951இல் நாடு முழுவதும் பதிவான மோட்டார் வண்டிகள் 3 லட்சத்துச் சொச்சம். 2019இல் 29 கோடிக்கு மேல். அதில் முக்கால் பங்கு இருசக்கர வாகனம்.

வருமானம் ஏறினால் புகை ஏறும் என்பதோடு நிறுத்திக்கொண்டால் அதற்கு ஒரு சொற்பொழிவு தேவையில்லை. வருமானம் எந்த வழியாகப் புகையாகிறது என்பதுதான் கேள்வி. என் வாதம் இது: முன்கூட்டிக் கட்டி முடித்த காசு மனத்தை விட்டுப் போய்விடுகிறது, ஒவ்வொரு முறையும் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற காசுதான் உறுத்துகிறது. நமது வரி, கடன், சுங்கம், கட்டணம் எல்லாம் சொந்த வண்டியின் செலவை முதலிலேயே கட்டவைத்து மறக்கச் செய்கின்றன. பொதுப் போக்குவரத்தின் செலவையோ ஏறும்போதெல்லாம் நினைவுபடுத்துகின்றன. வருமானம் வண்டியை வாங்கித் தருகிறது. வாங்கிய வண்டியைத் தெருவில் இறக்குவது கட்டி முடித்த காசு.

கண்ணெதிரே நடக்கிற கணக்கு ஒன்று. கிருத்திகையன்று சென்னையிலிருந்து ஐந்து பேர் உள்ள குடும்பம் திருத்தணி முருகனைப் பார்க்கக் காரில் வருகிறது. போக வர 170 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் என்றால் பதினொன்றேகால் லிட்டர் பெட்ரோல்; ஏறக்குறைய 1,150 ரூபாய். தலைக்கு 230 ரூபாய். ‘பரவாயில்லையே’ என்று தோன்றுகிறது. அந்தக் காருக்கு 6 லட்சம் ரூபாய் கடன் வாங்கி, ஒன்பது சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணை போட்டிருந்தால் மாதம் 12,400 ரூபாய்க்கு மேல் போகிறது. கார் வீட்டு வாசலில் உறை மாட்டி நின்றாலும் நாளொன்றுக்கு 400 ரூபாய் போய்க்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் காருக்குத் தவணை மட்டும் கிலோமீட்டருக்கு 15 ரூபாய், பெட்ரோல் 7 ரூபாய்க்கும் கீழே. காப்பீடும் பழுதுச் செலவும் தனி. அதாவது காரின் உண்மைச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிளம்பும்போது கணக்கில் வருவதில்லை. மற்றது ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவிட்டது. இனி காரை எடுக்காமல் இருப்பதுதான் நட்டம் என்று மனம் சொல்கிறது. அந்தப் பயணத்தில் வெளியாகும் வாயு 26 கிலோ. தலைக்கு ஐந்து கிலோவுக்கு மேல். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற அரசுப் பேருந்தில் ஐம்பது பேர் உட்கார்ந்து வந்து போனால் தலைக்கு இரண்டு கிலோவுக்கும் குறைவு.

காரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். உண்மையில் பெட்ரோலின் பெரும்பங்கைக் குடிப்பது இருசக்கர வண்டி. 2013இல் பெட்ரோலிய அமைச்சகத்துக்காக நீல்சன் நிறுவனம் எடுத்த கணக்கில், நாட்டில் விற்கும் பெட்ரோலில் அறுபது சதவீதத்துக்கு மேல் பைக்கும் ஸ்கூட்டரும் குடித்தன. பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்து விசைத்தறி ஊர்களில் பைக் ஆடம்பரம் கிடையாது. பாவு நூல் மூட்டை ஏற்ற, பிள்ளையைப் பள்ளியில் விட, ராத்திரி ஷிப்டு முடிந்து வீடு திரும்ப அதுதான் கதி. லிட்டருக்கு ஐம்பது ஓடும் வண்டியில் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். மூன்று கிலோமீட்டருக்கு அண்ணனும் தம்பியும் பைக்கில் போனால் ஆறு ரூபாய். சாதாரண டவுன் பஸ்ஸில் குறைந்த கட்டணமே தலைக்கு ஐந்து ரூபாய், இருவருக்கும் பத்து. பஸ் வரும்வரை காத்திருக்கும் அரை மணி நேரத்தை யாரும் ரூபாயில் எழுதுவதில்லை. தறியில் நிற்பவருக்கு அந்த அரை மணி கூலி. பைக்கின் தவணை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. இந்தப் போட்டியில் பஸ் எப்படி ஜெயிக்கும்?

இது மனம் போடும் தப்புக் கணக்கு என்று பொருளியல் பாடநூல் சொல்லும். போன காசைப் போனதாக விட்டுவிட்டு இனி வரும் செலவைப் பார்ப்பதுதான் பகுத்தறிவு என்று சொல்லும். நம் மக்கள் அப்படிப் பார்த்தாலும் பதில் மாறுவதில்லை. இனி வரும் செலவு பெட்ரோல் மட்டும்தானே! போன காசை மனத்தில் வைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். சிங்கப்பூரில் கார் வாங்கும் உரிமைச் சான்றிதழை 1990 முதல் ஏலம் விடுகிறார்கள். உலகிலேயே கார் விலை உச்சத்தில் இருக்கும் ஊர்களில் அது ஒன்று. அங்கே டெக்-ஹுவா ஹோ, ஐவன் பிங், சதாத் ரேசா என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்து 2018இல் வெளியான ஆய்வு, வாங்கும்போது கூடுதலாகக் கொட்டிக் கொடுத்தவர்கள் காரைக் கூடுதலாக ஓட்டினார்கள் என்று காட்டியது. கொடுத்த காசுக்கு ஓட்டியாக வேண்டுமே! நாள் போகப்போக அந்த வேகம் தணிந்தது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். சிங்கப்பூர் அரசுக்கு இந்த மனம் தெரிந்திருக்க வேண்டும். வாங்கும்போது ஒரு வரி போட்டதோடு நில்லாமல் 1998இல் ஓட்டும்போதெல்லாம் கழியும் மின்னணுச் சாலைக் கட்டணத்தையும் கொண்டுவந்தது.

நாம் செய்தது பாதி. 2023 நவம்பரில் தமிழ்நாடு ஆயுள்கால வரியை ஏற்றியது. 5 லட்சம் வரையான காருக்கு 12 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் போனால் 20 சதவீதம். வாங்கும் முன் இரண்டு முறை யோசிக்கவைக்கும் என்ற அளவில் நல்லது. வாங்கியபின் அந்த வரிக்கு வேலையே இல்லை. மாதம் ஒரு முறை கோயிலுக்குப் போகிறவரும் தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவரும் ஒரே வரி கட்டியிருக்கிறார்கள்; அதுவும் ஆயுளுக்கும் சேர்த்து. சுங்கச்சாவடிக் கட்டணம்தான் ஓடும்போது உறுத்துகிற ஒரே முள்ளாக இருந்தது. திருவள்ளூரைத் தாண்டிப் பட்டரைபெரும்புதூரில் வண்டியை நிறுத்தும்போது, இந்தப் பயணம் தேவையா என்ற கேள்விக்கு ஒரு நொடி இடம் கிடைத்தது. 2025 ஆகஸ்ட் 15 முதல் அந்த முள்ளும் மழுங்கிவிட்டது. தேசிய நெடுஞ்சாலைகளில் 3,000 ரூபாய் கட்டினால் ஓராண்டு, அல்லது 200 முறை சாவடியைக் கடக்கலாம் என்ற ஆண்டுச் சீட்டு அன்று வந்தது. முறைக்கு 15 ரூபாய். சொந்த உபயோகத்துக்கான கார், ஜீப், வேனுக்கு மட்டும் இந்தச் சலுகை. நடுத்தர வர்க்கத்துக்குத் தந்த பரிசாக இது பேசப்பட்டது. கரியமிலக் கணக்கில் இதன் பெயர் வேறு: காரை எடுக்கும்போது உணரும் விலையை இன்னும் ஒரு படி கீழே இறக்கியது.

இதே விதி பொதுப் போக்குவரத்தின் பக்கமும் வேலை செய்யும் என்பதற்குச் சான்று திருத்தணியிலேயே இருக்கிறது. விடியற்காலையில் திருத்தணி நிலையத்தில் மின்சார ரயிலுக்கு நிற்கிறவர்களின் சட்டைப்பையில் சீசன் டிக்கெட் இருக்கிறது. மாதத் தொடக்கத்தில் கட்டி முடித்தாயிற்று. அதற்குப்பின் ஒவ்வொரு நாள் பயணமும் அவர்களுக்குச் சும்மா. பைக் வீட்டில் இருந்தாலும் அம்பத்தூருக்கு யாரும் அதில் போவதில்லை. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அரக்கோணத்தைத் தொட்டுச் சென்றது. அங்கே கிளை பிரிந்து ரேணிகுண்டா போகும் தடத்தில் திருத்தணி இருப்பதால் கிடைத்த பாக்கியம் இது. இரண்டாவது சான்று, 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் விடியல் பயணம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இருவரை ஏற்றிக்கொண்டு கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாயில் ஓடும் பைக்கை விலையில் வெல்லக்கூடியது பூஜ்யம் ஒன்றுதான் என்பதை அந்தத் திட்டம் நிரூபித்தது. மாநிலத் திட்டக்குழு நடத்திய ஆய்வில் பயனாளிகளுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவது தெரிந்தது. 2025இல் ஆந்திரமும் ஸ்திரீ சக்தி என்ற பெயரில் அதே வழிக்கு வந்திருக்கிறது. மிகைப்படுத்தவும் வேண்டாம். அந்தப் பேருந்துகளில் ஏறிய பெண்களில் பலர் முன்பு நடந்தோ ஷேர் ஆட்டோவிலோ போனவர்கள். அவர்களால் இன்றைக்குக் குறைந்த புகை கொஞ்சம்தான். நாளைக்கு வாங்கப்படாத ஸ்கூட்டர்தான் உண்மையான மிச்சம் என்பது என் கணிப்பு.

இங்கே வரும் மறுப்பு கனமானது: ‘சும்மா கொடுப்பதற்கு யார் காசு?’ ரயில் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் ரயில்வே கட்டணமாகப் பெறுகிறது என்று பல ஆண்டுகளாக அதிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். மீதியைக் கட்டுவது பெரும்பாலும் சரக்கு. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் கட்டணத்தை ஏற்றிப் பயணியின் டிக்கெட்டைத் தாங்குகிறது இந்திய ரயில்வே. விளைவு என்ன? நாடு விடுதலை பெற்ற புதிதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ரயிலில் போன சரக்கு, இன்று மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. மலிவான சீசன் டிக்கெட் மிச்சப்படுத்துகிற புகையில் ஒரு பகுதியை, ரயிலை விட்டு இறங்கிய சரக்கு லாரியில் ஏறித் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மலிவு டிக்கெட்டைக் கைவிட வேண்டும் என்பது இதற்குப் பொருளில்லை. அதன் செலவைச் சரக்கின் தலையில் கட்டுவதுதான் தவறு. தெருவிளக்குக்கும் ஆரம்பப் பள்ளிக்கும் கொடுப்பதுபோல அரசுக் கருவூலம் கொடுக்க வேண்டிய செலவு அது. காருக்கும் நாம் சும்மா கொடுக்கத்தான் செய்கிறோம்: நகரத்து நடுவில் காசு வாங்காமல் நிறுத்த இடம், மேம்பாலம், இப்போது சுங்கச் சலுகை. அவற்றுக்கெல்லாம் ‘இலவசம்’ என்று யாரும் பெயர் வைப்பதில்லை.

சரக்கு லாரியிலும் இதே விதிதான். சென்னையில் லோடு இறக்கிய லாரிக்குத் தவணையும் ஓட்டுநர் சம்பளமும் பெர்மிட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் இரண்டு நாள் நிற்பதைவிட, டீசல் காசு கிடைத்தாலே போதும் என்று கால் லோடு ஏற்றிக்கொண்டோ காலியாகவோ கிளம்புகிறது. 2005இல் வந்த குட்டியானை என்ற சிறு சரக்கு வண்டி இதை ஊர் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. தறிக்காரருக்கு அதனால் நன்மை. இருபது பேல் துணிக்குப் பெரிய லாரி நிறைய மற்றவர்கள் துணி சேரும்வரை காத்திருக்க வேண்டாம். டன் கணக்கில் பார்த்தால் மட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் எரியும் டீசல் கூடிவிட்டது. சின்ன வண்டி, அவசரச் சரக்கு, அரை லோடு. பிழைப்புக்கு ஓடும் வண்டி என்பதால் இதில் எனக்குக் கண்டனம் சொல்ல நாக்கு எழவில்லை.

அப்படியானால் பெட்ரோல் வரியை ஏற்றிவிட்டால் என்ன என்பார்கள் பொருளியலாளர் பிகுவின் சீடர்கள். பிறருக்கு விளையும் கேட்டுக்கு ஈடாக வரி போடு என்று 1920இல் அவர் சொன்னது கொள்கையளவில் மறுக்க முடியாதது. நாம் அதை அறியாமலே செய்தும் பார்த்தோம். 2020 மே மாதம் ஊரடங்கின் நடுவே மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரி ஏற்றியது. அதை முழுவதுமாக 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் இறக்கிக்கொண்டது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. இப்படித் தேர்தலையும் கச்சா எண்ணெயையும் பார்த்து ஏறி இறங்குகிற வரியை நம்பி யாரும் பைக்கை விற்றுவிட்டுப் பஸ்ஸுக்கு மாறுவதில்லை. ஏற வேறு வண்டி இல்லாத இடத்தில் வரியை ஏற்றினால் அது தண்டம். டீசலில் ஏற்றியது கோயம்பேட்டுக் காய்கறி விலையில் வந்து நிற்கும். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டால் என்ன நடக்கும் என்பதைப் பொன்பாடியில் பார்த்தோம். பேருந்து வந்து நின்றபிறகு போடும் வரி வேறு. அதை நான் ஆதரிப்பேன்.

மின்வண்டி வந்துவிட்டால் இந்தப் பேச்செல்லாம் பழைய பஞ்சாங்கம் என்பது அடுத்த மறுப்பு. மின் ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் அளவு இழுக்கிறது. நம் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கைக் கணக்கிட்டால் அது இரண்டேகால் கிலோ வாயு. பெட்ரோல் ஸ்கூட்டருக்கு நாலரை கிலோ. பாதி குறைகிறது, வரவேற்கலாம். ஆனால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாயாக இருந்த ஓட்டச் செலவு சில்லறைக் காசுக்கு இறங்குகிறது. வண்டியின் விலையோ முன்னதைவிடக் கூடுதல். கட்டி முடித்த காசு பெரிதாகவும் கைக்காசு சிறிதாகவும் ஆகிற வண்டி இது. சிக்கனமான நீராவி எந்திரம் வந்தபிறகு இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு கூடியதைப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இல் எழுதினார். அந்த எச்சரிக்கை இதற்குப் பொருந்தும். மின்சாரத்தை முதலில் ஏற்ற வேண்டிய இடம் பேருந்து. அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஆந்திரப் போக்குவரத்துக் கழகம் 2022 முதல் மின்பேருந்து ஓட்டுகிறது. சென்னையில் 2025 ஜூனில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 பேருந்துகள் கிளம்பின. மலைக்கோயிலுக்கும் நகரத்துக்கும் முடியுமானால் இடையில் இருக்கும் திருத்தணிக்கு மட்டும் என்ன தடை?

இன்னொரு குரலையும் மதிக்கிறேன். இந்தியர் ஒருவர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு இரண்டு டன் அளவு. உலக சராசரியில் பாதிக்கும் கீழே. அமெரிக்காக்காரர் நிறுத்தட்டும், பிறகு பொதட்டூர்ப்பேட்டை நெசவாளியைக் கேட்கலாம் என்பது அந்தக் குரல். முழு நியாயம். யாரையும் பயணத்தைக் குறைக்கச் சொல்லி நான் ஒரு வரியும் சொல்லவில்லை. அந்த நெசவாளி கடன் வாங்கிப் பைக் எடுத்தது ஆசைக்கு மட்டும் இல்லை. நேரத்துக்குப் பஸ் வராததற்கு அவர் தன் கூலியிலிருந்து மாதாமாதம் கட்டும் அபராதம் அது. அந்த அபராதத்தை நிறுத்தினால் புகையும் நிற்கும் என்பது இரண்டாவது லாபம்.

கடைசியாக மலையடிவாரத்துக்கு வருவோம். சரவணப் பொய்கைப் பக்கம் 365 படிகள் தொடங்குகின்றன. ஆண்டின் நாளுக்கு ஒரு படி. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த படித்திருவிழாவில் டிசம்பர் 31 அன்று ஒவ்வொரு படிக்கும் பூசை நடக்கும். படி ஏறாதவர்களுக்கு மலைப்பாதை இருக்கிறது. விசேஷ நாளில் கார் பின்னால் கார், முதல் கியரில் உறுமிக்கொண்டு. அவர்களில் பலர் ரயிலில் வந்திருக்கலாம். வராததற்குக் காரணம் 85 கிலோமீட்டரில் இல்லை, கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. நிலையத்தில் இறங்கினால் மலைக்கு ஆட்டோ. ரயிலுக்குக் கொடுத்ததைவிட ஆட்டோவுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பாட்டியும் கைக்குழந்தையுமாக வருகிறவர் பேரம் பேசி நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில், அடுத்த முறை காரில் வருவதென்று முடிவாகிவிடுகிறது. போதாக்குறைக்கு மின்சார ரயில்களில் பல அரக்கோணத்தோடு நின்றுவிடுகின்றன. மீதிப் பதின்மூன்று கிலோமீட்டருக்கு அடுத்த வண்டி.

ஆகவே கேட்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். சென்னை மூர் மார்க்கெட் நிலையத்தில் எடுக்கும் ஒரே டிக்கெட் மலையுச்சி வரை செல்ல வேண்டும். ரயில் வரும் நேரத்துக்கு நிலைய வாசலில் மலைப் பேருந்து நிற்க வேண்டும். டவுன் பஸ்ஸில் ஆண்களுக்கும் மாதம் ஒருமுறை கட்டி மறந்துவிடக்கூடிய மலிவுச் சீட்டு வேண்டும். வாகன வரியில் ஒரு பகுதியாவது ஓடிய தூரத்துக்கு ஏற்ப ஆண்டுதோறும் வசூலாக வேண்டும். ஓடிய தூரத்துக்கு ஏற்ற காப்பீட்டுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையிலேயே அனுமதி கொடுத்துவிட்டது, வரிக்கு அது முடியாதா? இந்த அவையில் போக்குவரத்துத் துறையிலும் அறநிலையத் துறையிலும் பொறுப்பில் இருப்பவர்கள் இருந்தால், இவற்றில் ஒன்றையாவது வரும் ஆடிக் கிருத்திகைக்குள் செய்து காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நெடுஞ்சாலைச் சுங்க விதிகள் 2008இல் வந்தபோது காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசும் பேருந்துக்கு 2 ரூபாய் 20 காசும் அடிப்படைக் கட்டணம். 2025இல் காருக்கு 3,000 ரூபாய் ஆண்டுச் சீட்டு வந்தது; ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு அதே சாவடியில் நிற்கும் பேருந்துக்கு அந்தச் சீட்டு கிடையாது.